கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவர்

'1926 புரட்டாசி, புதன்கிழமை. பாரிட்டில் விருந்து. சிவப்புக் கஞ்சி ஒரு கிண்ணம், வெள்ளைக் கஞ்சி ஒரு கிண்ணம். வந்தவர்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்க வேண்டும்.'

என் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான். அப்போது நான் மலாயாவில், பத்து பகாட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, எடை பார்ப்பது, துரைக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. நாள், கிழமை, மழை, வந்தவர், போனவர் எல்லாவற்றையும் குறித்து வைப்பது என் சொந்தப் பழக்கம். யாரும் கேட்டதில்லை, கூலியும் கொடுத்ததில்லை.

பாரிட் என்றால் மலாயில் வாய்க்கால். எங்கள் தோட்டத்தின் கீழ் எல்லையில் ரப்பர் முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் ஜாவாக்காரர்களின் ஊர் ஒன்று இருந்தது. அவர்கள் கடலை நோக்கி நேராக ஒரு வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை இரு பக்கமும் கரையாகப் போட்டு, கரைமேல் வீடு கட்டிக்கொண்டவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் வாய்க்கால், பின்னால் பாக்கு, தென்னை, காப்பி, அதற்கும் பின்னால் இன்னும் வெட்டாத காடு. தன் வீட்டு முன்னால் உள்ள வாய்க்காலைத் தூர்வாருவது அந்தந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒரு வீட்டுக்காரர் சோம்பினால் மேலே இருக்கும் அத்தனை வீட்டிலும் தண்ணீர் தேங்கும். அதனால் அங்கே யாரும் சோம்பியதில்லை. அல்லது சோம்பியவரை வெளியாட்கள் பார்த்ததில்லை.

வாய்க்காலை வெட்டத் தொடங்கியவரின் பெயரே வாய்க்காலுக்கு, வாய்க்காலின் பெயரே ஊருக்கு. ஊரின் பெயரை எழுதினால் நான் சொல்ல வந்தவரின் பெயரையும் எழுதியதாகிவிடும். அதனால் எழுதவில்லை. தவிரவும் அது அவருடைய முதல் பெயர் அன்று. சிறுவயதில் ஒன்று, கல்யாணமானதும் ஒன்று, ஏதோ பெரிய காய்ச்சலுக்குப் பிறகு ஒன்று என்று அவருக்கு மூன்று பெயர் இருந்ததாகச் சொல்வார்கள். ஊரில் எல்லோரும் அவரை 'வாக்' என்றார்கள். பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வாக் கட்டையான மனிதர். கறுப்பு வெல்வெட் தொப்பி, முழங்காலுக்கு மேல் மடித்துச் செருகிய கைலி, காதுக்குமேல் பாதி புகைத்து அணைத்த சுருட்டு. தமிழ் பேசுவார். ஜொகூர் ரயில் பாதை போட்டபோது நம் ஆட்களோடு மண் வெட்டியவராம். முதலில் கற்றுக்கொண்டது வசைச் சொற்கள், மற்றதெல்லாம் பிறகு என்று அவரே சொல்வார். பேச்சின் கடைசியில் மலாய்க்காரர் போல ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் கையில் இருக்கும் வேலையை முடிப்பார். பிறகு நம் கேள்வியை நம்மிடமே முழுதாகத் திருப்பிச் சொல்வார். சரிதானா என்று நம் முகத்தைப் பார்ப்பார். நாம் ஆமாம் என்ற பிறகுதான் பதில். அந்தப் பதில் எப்போதும் உண்மையாக இருக்கும். நான் அவரோடு பழகிய வருடங்களில் அவர் சொன்ன எதுவும் பொய் என்று ஆனதில்லை. ஆனாலும் அவரிடம் பேசிவிட்டு வரும் ஒவ்வொரு முறையும், மரப்பாலத்தைத் தாண்டுவதற்குள், எதையோ பறிகொடுத்துவிட்டது போல இருக்கும்.

ஒரு பெருமழையில் எங்கள் எல்லைப் பாலத்தின் பலகைகள் காணாமல் போயின. நல்ல செங்கால் மரம். துரை என்னை அனுப்பினார்.

"வாக், உங்க ஆளுங்க எங்க பலகைய எடுத்தாங்களா?"

அவர் ஒரு தேங்காயை உரித்து முடித்தார். "என் ஆளுங்க உங்க பாலத்துப் பலகைய எடுத்தாங்களான்னு கேக்கிறீங்க."

"ஆமா."

"எடுக்கல, கிராணி."

நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர்களுடைய சின்னத் தொழுகைக் கூடத்தில் புதிதாகத் தரை போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தால் எங்கள் தோட்டத்து முத்திரை.

"என்ன வாக் இது?"

"பாலத்துலேருந்து எடுத்தது தண்ணி லா. நாங்க தண்ணிகிட்டேருந்து எடுத்தோம். அதை நீங்க கேக்கலியே."

அதில் கேலி எதுவும் இல்லை. பெரட்டில் பெயருக்கு ஆள் பதில் சொல்வது போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கும்போதே ஒரு கூச்சமும் வந்தது. தொழும் இடத்தைப் பெயர்த்துப் பலகை கேட்க துரைக்கும் மனமில்லை. அதையும் வாக் முன்பே கணக்குப் போட்டிருப்பார் என்று எங்கள் கங்காணி சொன்னார்.

கங்காணிக்கு அந்த ஊரையே பிடிக்காது. "புதுசா ஜாவாலேருந்து வர்றவன் எல்லாம் நேரா இவரு வீட்டுப் பின்னால இருக்கிற கொட்டகைக்குத்தான் போறான். மொதல்ல இவரு காட்ட வெட்டணும், அப்புறந்தான் தனக்குன்னு வெட்டணும். எப்ப அப்புறம்னு யாருக்கும் தெரியாது. எனக்குக் கங்காணின்னு ஒரு பட்டமாவது இருக்கு. இந்த ஆளுக்கு அதுவும் வேணாம்" என்பார்.

எங்கள் தோட்டத்திலும் ஜாவா ஆட்கள் இருந்தார்கள். தமிழ் ஆட்கள் ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஜாவா ஆட்கள் ஒப்பந்தக் கூலிகள். கெடு முடியும் முன் போனால் ஓடிப்போனவர்கள், பிடித்து வரலாம். அவர்களுக்கு மேலே அவர்கள் இனத்தவனே ஒரு மண்டோர். அவன் தன் ஆட்களில் ஒருத்தியைத் தன் அறைக்கு வந்துவிடும்படி வற்புறுத்திக்கொண்டிருந்தான் என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு இருந்தது. அவள் போகவில்லை. அதன் பிறகு அவளுக்குத் தினமும் அட்டை மிகுந்த கடைசி மர நிரைதான் கிடைத்தது. நான் அதைப் பற்றித் துரையிடம் ஒரு தடவை சொன்னேன். மண்டோரின் ஆட்களை மண்டோர் பார்த்துக்கொள்வான் என்றார். பிறகு புரட்டாசி தொடக்கத்தில், ஒரு காலைப் பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

விருந்துக்கு வாக் நேரில் வந்து அழைத்தது அதற்குச் சில நாட்கள் கழித்து. "கங்காணியையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அதுவரை அவர் எங்களில் யாரையும் அழைத்ததில்லை.

புதன்கிழமை பிற்பகல் போனோம். அவர்களுக்கு ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரம் ஒன்றும் உண்டு. இரண்டும் எந்த நாளில் கூடுகின்றன என்று பார்த்துத்தான் எதையும் தொடங்குவார்கள். அந்த நாளை வாக் நெடுநேரம் எண்ணிப் பார்த்துத் தேர்ந்ததாக ஒருவர் சொன்னார். ஆண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மஞ்சள் சோறு கோபுரம் போலக் குவிந்திருந்தது. பெண்கள் தட்டிக்குப் பின்னால். நான் புலால் உண்ணாதவன் என்று எனக்கு மட்டும் தனியாக வாழைப்பழமும் இரண்டு கிண்ணம் கஞ்சியும் வைத்தார்கள். ஒன்று தென்னை வெல்லம் போட்டுச் சிவந்தது, மற்றது வெறும் தேங்காய்ப்பாலில் வெளுத்தது.

"என்ன விசேஷம் வாக்?"

"என்ன விசேஷம்னு கேக்கிறீங்க."

"ஆமா."

"ஒரு பொண்ணுக்கு உடம்பு முடியல. பேரு கனமாப் போச்சு, அவளால தூக்க முடியல. வேற பேரு குடுக்கறோம்."

"உங்க பொண்ணா?"

"நான் அப்படிச் சொல்லலியே, கிராணி."

ஒரு முதியவர் நீளமாக ஓதினார். ஒரு பெயரைச் சொன்னார். எல்லோரும் ஆமீன் என்றார்கள். பிறகு நடந்ததுதான் என்னை உறுத்தியது. ஆளுக்கு இரண்டு கவளம் சாப்பிட்டார்கள். மீதியை இலையில் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். கூப்பிட்ட வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் நம்மவர்களுக்கு அது என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கங்காணி என் காதருகே குனிந்தார். "பாத்தீங்களா கிராணியாரே, அவன் ஆளுங்களே வாய்ல வைக்க மாட்டேங்குறானுங்க. என்னமோ கலந்திருக்கான்."

"சும்மா இருங்க கங்காணி."

"நான் உங்க வாழைப்பழத்துல ஒண்ணோட நிறுத்திக்கிறேன். தோலு மூடியிருக்கு, உள்ள ஒண்ணும் வைக்க முடியாது."

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் இரண்டு கிண்ணத்தையும் முடித்தேன். நன்றாக இருந்தது.

மீதியை வீட்டுக்கு எடுத்துப் போவதற்காகவே விருந்து என்பது அவர்கள் வழக்கம் என்று பின்னால் தெரிந்தது. வாக்கிடமே கேட்டேன். "ஓதின சோறு லா. வீட்டுல இருக்கிறவங்களுக்கும் வயிறு இருக்குல்ல" என்றார். அந்தச் சந்தேகம் அப்படித் தீர்ந்தது. ஆனால் கங்காணி அன்று திரும்பும் வழியில் கேட்ட கேள்வி தீரவில்லை.

"இத்தன வருஷமா கூப்பிடாதவன், இன்னிக்கு ஏன் உங்களக் கூப்பிட்டான்? பெரட்டுல பேரு கூப்பிடற ஆள அந்த ஊருல வேற எதுக்கு வேணும்?"

தோட்டம் வரும்வரை மழை தூறிக்கொண்டே இருந்தது.

ஐப்பசியில், ஓடிப்போனவள் பாரிட்டில் இருக்கிறாள் என்று துரைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். போலீசுக்கு எழுதுவதற்கு முன் ஆளை உறுதி செய்ய வேண்டும் என்று மண்டோரையும் என்னையும் அழைத்துக்கொண்டு அவரே பாரிட்டுக்குப் போனார். வாக் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூர்வாரிக்கொண்டிருந்தார். துரை மலாயில் அவள் பெயரைச் சொல்லி, அவள் இங்கே இருக்கிறாளா என்று கேட்டார். வாக் மண்வெட்டியைக் கரையில் வைத்தார். கேள்வியைத் திருப்பிச் சொன்னார், பெயரை மட்டும் விட்டுவிட்டு. பிறகு, "துவான், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை" என்றார்.

துரை பின்பக்கம் போய்ப் பார்த்தார். கொட்டகை வாசலில் நாலைந்து பேர் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண். மெலிந்தவள், இருபது வயதிருக்கலாம். தலையில் ஈரத்துணி கட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. கத்தி விரலைக் கிழித்துவிட்டது, அதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"இவள்தானா?" என்று துரை மண்டோரிடம் கேட்டார்.

மண்டோர் வாயைத் திறந்தான். வாக் அவனிடம் ஜாவா மொழியில் ஏதோ சொன்னார், சத்தமில்லாமல், மரியாதையாக. மண்டோரின் முகம் மாறியது. "முகம் அது மாதிரி இருக்கு, துவான். பேரு வேற" என்று மலாயில் முணுமுணுத்தான். வாக் சொன்னதை அவனிடம் பிற்பாடு கேட்டேன். நோயோடு கழித்துப் போட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த நோய் கூப்பிட்டவன் வீட்டைத் தேடி வரும், தெரியும்தானே, என்றாராம். ஜாவாக்காரர்கள் எல்லோரும் இப்படி நம்புகிறார்களா என்று விசாரித்தேன். சிலர் ஆம் என்றார்கள், சிலர் சிரித்தார்கள். வாக்கே நம்பினாரா என்பது தெரியாது. மண்டோருக்கு ஒரு சின்ன மகள் ஜாவாவில் இருந்தாள் என்பது வாக்குக்குத் தெரியும்.

துரை என் பக்கம் திரும்பினார். "கிராணி, தினமும் பெரட்டு எடுப்பவர் நீர். இவள் பெயர் என்ன?"

வாக் என்னைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள்தான் பார்த்தாள்.

விருந்தில் காதில் விழுந்த பெயரைச் சொன்னேன்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"பெயர் வைத்த அன்று நான் அங்கே இருந்தேன், துரை. கங்காணியும் இருந்தார்."

"தோட்டத்தில் இவளைப் பார்த்திருக்கிறீரா?"

பெரட்டு விடியும் முன் நடக்கும். பெண்கள் முகம் தெரியாமல் துணி சுற்றிக்கொண்டு மேலே தொப்பி வைத்திருப்பார்கள். நான் குரலைக் கேட்டுக் குறி போடுவேன். அதைச் சொன்னேன். இவளுடைய குரலைக் கேட்கிறீரா என்று துரை கேட்டிருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை. மண்டோரை அழைத்துக்கொண்டு திரும்பிப் போனார். வாக் மறுபடி வாய்க்காலில் இறங்கினார். எனக்கு நன்றி சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமன்று, என்றைக்குமே சொல்லவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் அவரைப் பெரிய மனிதர் என்று எழுதி நிறுத்தியிருப்பேன். ஆனால் அடுத்த வருடம் முழுக்க, எல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் அவளைப் பார்த்தேன். தென்னந்தோப்பில் காய் சுமந்தாள். காப்பிக்குக் களை எடுத்தாள். புதுக் காட்டில் ஆண்களோடு வேர் பிடுங்கினாள். எல்லாம் வாக்கின் தோப்பு, வாக்கின் காடு. கொட்டகையில் அவளோடு இருந்தவர்களில் இரண்டு பேர் அதை விட்டுத் தனி வீடு கட்டிக்கொண்டார்கள். அவள் கொட்டகையிலேயே இருந்தாள். அட்டை மிகுந்த கடைசி நிரையிலிருந்து தப்பி வந்தவள் இங்கேயும் கடைசி நிரையில்தான் நிற்கிறாளோ என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது. ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு எப்போ தனியாப் போவா, வாக்?"

"எப்போ தனியாப் போவான்னு கேக்கிறீங்க." காதிலிருந்த சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தார். "தோட்டத்துல எப்போ அவளத் தேடறத விடுவீங்க, கிராணி? தேடற பொண்ணு நிலம் கேட்டு ஆபீசுக்குப் போனா பிடிப்பான்ல. என் கொட்டகைல இருந்தா யாரு பிடிப்பான்?"

நியாயமாகத்தான் பட்டது. பாலத்தைத் தாண்டியதும் வேறு மாதிரி பட்டது. தேடுவது நிற்காத வரை அவளுக்கு அவரை விட்டால் போக்கில்லை. அவருக்கு அது நஷ்டமா?

1928 தொடக்கத்தில் எங்கள் தோட்டம் ஜாவா ஒப்பந்த ஆட்களை எடுப்பதை நிறுத்தியது. இருந்தவர்களைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். ஓடிப்போனவர்களை இனித் தேடுவதில்லை என்று புதிதாக வந்த துரை சொல்லிவிட்டார். அன்று மாலையே பாரிட்டுக்குப் போனேன். வாக் வலை பின்னிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"நல்ல சேதி" என்றார். பின்னிக்கொண்டே இருந்தார்.

"அவகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

ஒரு மாதம் கழித்துப் போனபோதும் அவள் அங்கேதான் இருந்தாள். தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளையிடம் நேராகப் போய்ப் பேசுவது அந்த ஊரில் முறையில்லை. பேசினாலும் பயனில்லை. அவளுக்கு ஜாவா மொழியைத் தவிர எதுவும் வராது. எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது.

"சொன்னீங்களா வாக்?"

"சொன்னீங்களான்னு கேக்கிறீங்க."

"கேள்விய விடுங்க. இப்ப, என் முன்னால, கூப்பிட்டுச் சொல்லுங்க. தோட்டத்துல இனி தேட மாட்டாங்க, எங்க வேணும்னாலும் போலாம், யார்கிட்டயும் வேலை செய்யணும்னு இல்ல. மூணையும் சொல்லுங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் முகத்தில் ஒரு சங்கடத்தைப் பார்த்தது அப்போதுதான். அது கோபமாகவும் இருந்திருக்கலாம். "அலமாக், கிராணி. உங்க தோட்டத்து ஆளு மாதிரியே பேசறீங்க" என்றார். பிறகு அவளைக் கூப்பிட்டார், புதுப் பெயரைச் சொல்லி.

அவள் வந்து சற்றுத் தள்ளிக் குந்தினாள். வாக் பேசினார். நிதானமாக, விரலால் தோட்டத்தைக் காட்டி, பிறகு வாய்க்காலின் கடல் பக்கத்தைக் காட்டி. மூன்று வாக்கியத்துக்கு அதிகமாகவே இருந்தது. அவள் தலை குனிந்து கேட்டாள். முடிந்ததும் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரிடம் ஏதோ கேட்டாள். குரல் ஏறி நின்றதால் அது கேள்வி என்று தெரிந்தது. வாக் ஒரே சொல்லில் பதில் சொன்னார். அவர் அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லவில்லை.

"என்ன கேட்டா?"

"அவ கேட்டது என்கிட்ட, கிராணி."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் கொட்டகையில் அவள் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "போயிட்டா" என்றார் வாக். அது உண்மைதான், கொட்டகை காலியாக இருந்தது. வாய்க்காலின் கடைக்கோடியில் அவளுக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைத்து அங்கே போய்விட்டாள் என்று ஊரில் ஒருவர் சொன்னார். கடைக்கோடிவரை நடந்து போனேன். புதிதாக எரித்த காடு இருந்தது, பாதி எழும்பிய குடிசை ஒன்று இருந்தது, ஆள் இல்லை. பொந்தியான் பக்கத்தில் புதிதாக வெட்டும் இன்னொரு பாரிட்டுக்கு வாக் அவளை அனுப்பிவிட்டார், அங்கேயும் அவருக்கு நிலம் இருக்கிறது என்றார் கங்காணி. கங்காணி எதையும் பார்த்துவிட்டுச் சொல்பவர் அல்லர்.

1931இல் ஆட்குறைப்பில் நானும் அந்தத் தோட்டத்தை விட்டேன். சில வருடங்களில் வாக் இறந்துவிட்டதாக ஜொகூர் பாருவில் ஒரு பாக்கு வியாபாரி சொல்லிக் கேள்விப்பட்டேன். அவரை நினைத்தால் இன்றும் முதலில் வருவது பிரியம்தான். சந்தேகம் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை என்பதற்கு என் குறிப்புகள் சாட்சி. நான் அறியாத மொழியில், என் கண்ணெதிரே, என் சொற்களைத்தான் அவர் அவளிடம் சொன்னாரா என்பது மட்டும் இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.